பெட்டியில் இருக்கும் எண் கைக்குத் தெரியுமா?

வடிவமைப்புத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் பென் டேப்லட் வாங்கப் போனால் முதலில் கேட்பது, "இதுல எத்தனை பிரஷர் லெவல்?" என்பதுதான். பெட்டியில் 8192 என்றிருக்கும்; புதிய பேனாக்கள் சிலவற்றில் 16384. அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்குமுன், பேனாவுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம்.

இன்றைய பேனாக்கள் பலவற்றில் பேட்டரியும் இல்லை, வயரும் இல்லை. டேப்லட்டின் பரப்புக்கு அடியில் மெல்லிய கம்பித் தடங்கள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. அவை அனுப்பும் மின்காந்த அலையிலிருந்தே பேனாவிலுள்ள சிறு கம்பிச்சுருள் சக்தி பெற்று, அதே அலைவரிசையில் பதில் அனுப்புகிறது. எந்தத் தடத்தில் பதில் பலமாக வருகிறதோ, அங்கே பேனா இருக்கிறது. நிப்பை அழுத்த அழுத்த அந்தப் பதில் மாறும். அதுவே கோட்டின் தடிமனாகிறது. நிப் பரப்பைத் தொடாமல் கொஞ்சம் மேலே நின்றாலும் கர்சர் நகர்வது இந்த அலைத் தொடர்பால்தான். 1983இல் ஜப்பானில் தொடங்கிய வாகாம் பரவலாக்கிய முறை இது. இப்போது ஹுயான், எக்ஸ்பி-பென் போன்ற சீன நிறுவனங்களும் இப்படிப்பட்ட பேனாக்களைத் தருகின்றன.

அழுத்தத்தை 8192 படியாகப் பிரித்தாலும் 16384 படியாகப் பிரித்தாலும் கை அந்த வித்தியாசத்தை உணராது. முதல் கோடு எவ்வளவு மெல்லிய தொடலில் விழுகிறது என்பதைத்தான் கை உணரும். அழுத்தினால்தான் கோடு விழும் என்றால் மென்மையான நிழல் போட முடியாது. மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. ஸ்கேல் வைத்து மெதுவாக ஒரு சாய்கோடு இழுங்கள். சில டேப்லட்களில் அது அலையலையாக நெளியும். எழுத்து வரைபவருக்கு இது பெரிய தொல்லை. 'ஞ' போன்ற எழுத்தின் வளைவில் ஒரு நெளிவு வந்தாலும் கண்ணில் உறுத்தும்.

மவுஸ் நகர்வை மட்டும் சொல்லும். பேனா இடத்தையே சொல்லும். டேப்லட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் ஒரு புள்ளி உண்டு. இரண்டின் நீள அகல விகிதம் ஒத்துப்போகாவிட்டால், கை வட்டம் போட, திரையில் முட்டை வடிவம் வரும். டிரைவர் அமைப்பில் அதைச் சரிசெய்யாமல் 'டேப்லட் சரியில்லை' என்று திருப்பிக் கொடுக்காதீர்கள்.

திரையுள்ள டேப்லட் வேண்டுமா? புகைப்படத் திருத்தத்துக்கு, திரையில்லாத நடுத்தர அளவே போதும் என்பேன். கழுத்து குனியாது, கண்ணும் கையும் சில வாரங்களில் பழகிவிடும். நாள் முழுக்க ஓவியம் வரைபவர்கள் திரையுள்ளதை வாங்கலாம். கண்ணாடிக்கும் திரைக்கும் இடைவெளி அதிகமிருந்தால் கோடு நிப்பைவிட்டுத் தள்ளி விழுவதுபோல் தெரியும். அதை நேரில் பாருங்கள். புள்ளி வைத்து லோகோ மட்டும் செய்பவருக்கு மவுஸே போதும்.

கடைசியாக, நிப் தேயும் பொருள். சொரசொரப்பான பரப்பு அதை வேகமாகத் தின்னும். ஒருபக்கமாகத் தேய்ந்த நிப் பரப்பைக் கீறும். உங்கள் மாடலுக்கு மாற்று நிப் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள்.