ஒட்டிய பெயரும் உள்ளே இருக்கும் தேதியும்

சிவகாசியில் முப்பது வருடம் ஆஃப்செட் மிஷின் ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் எனக்குப் பழக்கம். இளவயதில் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். விருதுநகர் பங்குனிப் பொங்கல், சிவகாசி சித்திரைப் பொங்கல் என்று மேடை மேடையாகப் போய் வந்தவர். நண்பர் ஒருவர் விலைபேசி வைத்திருந்த பழைய பேஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். கிட்டாரின் தலையில் பெண்டர் என்ற பெயர் இருந்தது. 1962-ல் செய்தது என்று விற்கிறவர் சொல்லியிருந்தார். கேட்ட விலையும் அந்த வருடத்துக்கான விலை.

"பேரு சுத்தமா இருக்கே அண்ணாச்சி, வாங்கிரலாமா?"

"பேரை யாரு வேணும்னாலும் ஒட்டலாம் தம்பி. லேபிள் அடிச்சே மூணு தலைமுறை சோறு தின்ன ஊரு இது. போய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டு வா."

தந்திகளைத் தளர்த்தி, நெக்கைப் பாடியோடு பிணைத்திருந்த நான்கு திருகாணிகளையும் கழற்றினார். நெக்கின் அடிப்பகுதி மொட்டையாக இருந்தது. பென்சில் எழுத்தும் இல்லை, ரப்பர் முத்திரையும் இல்லை. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் உட்காரும் குழியின் ஓரத்தில் டார்ச் அடித்துக் காட்டினார். மரம் ஒரே துண்டாக இல்லை. அடுக்கடுக்காகக் கோடுகள் ஓடின. பிளைவுட். குமிழ்களுக்கு அடியில் இருந்த பாட்கள் சின்னவை, முதுகில் எண் எதுவும் இல்லாதவை. "ஜப்பான் சாமான். எழுபதுகள்ல செஞ்சது. நல்லாத்தான் பேசும். ஆனா இது அறுபத்திரெண்டு கிடையாது" என்றார். பத்து நிமிடத்தில் என் நண்பரின் சேமிப்பு தப்பியது.

பழைய பேஸ் கிட்டார் வாங்கும் கலையின் முதல் பாடமும் கடைசிப் பாடமும் அந்த வீட்டிலேயே கிடைத்துவிட்டது. கிட்டாரில் போலி செய்ய மிகவும் எளிதான பாகம் தலையில் ஒட்டியிருக்கும் பெயர். போலி செய்ய மிகவும் கடினமானது, கண்ணில் படாத உட்புறம்.

தமிழ்க் காதுக்குப் பேஸ் கிட்டார் அந்நியமல்ல. 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு, இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வெறும் தாளத் துணையாக நிற்கவில்லை. பாட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு பாட்டுப் பாடியது. அந்த வரிகளை வாசித்த சசிதரனையும், பின்னாளில் ஏ.ஆர்.ரகுமானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸையும் இசை ரசிகர்கள் பெயர் சொல்லிக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பாடல்களைத் திருவிழா மேடைகளில் அப்படியே வாசித்துக் காட்டத்தான் ஊர் ஊராகப் பேஸ் கிட்டார் வந்து சேர்ந்தது. குழுக்கள் கலைந்துவிட்டன. கருவிகள் பரணில் கிடக்கின்றன. இப்போது அவை ஒவ்வொன்றாக விலைக்கு வருகின்றன.

அந்தக் கிட்டாரின் தலையில் இருந்த பெயர் லியோ பெண்டருடையது. கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவர் 1951-ல் பிரிசிஷன் பேஸ் என்ற கிட்டாரைக் கொண்டுவந்தார். ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றிய கலைஞர்களுக்கு அது பெரிய விடுதலை. 1960-ல் ஜாஸ் பேஸ் வந்தது. 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் 1.3 கோடி டாலருக்குப் பெண்டரை வாங்கியது. அதற்கு முன் செய்தவை 'பிரீ சிபிஎஸ்'. உலகச் சந்தையில் மிக உயர்ந்த விலை இவற்றுக்குத்தான். போலிகளும் இந்த வருடங்களின் பெயரில்தான் அதிகம் வரும்.

சரி, வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சீரியல் எண். பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், ஏமாந்தும் போகிறார்கள். 1950-களின் நடுவிலிருந்து 1976 வரை பெண்டரின் எண் நெக்கின் பின்னால் உள்ள இரும்புத் தகட்டில் இருக்கும். தொழிலாளர்கள் டப்பாவில் கைக்கு வந்த தகட்டை எடுத்து மாட்டினார்கள். எண்கள் வரிசைப்படி போகவில்லை. அதனால் எண் காட்டுவது தோராயமான காலத்தை மட்டுமே. தகட்டைக் கழற்றி வேறு கிட்டாரில் மாட்ட நான்கு திருகாணி போதும் என்பதையும் மறக்க வேண்டாம். 1976-க்குப் பிறகு எண் தலைக்கு ஏறியது. 'எஸ் 7' என்று தொடங்கினால் 1977-ஐ ஒட்டியது என்று பொருள்.

இரண்டாவது, நெக்கின் அடி. ஆரம்பத்தில் பென்சிலால் தேதி எழுதினார்கள். 1962-லிருந்து ரப்பர் முத்திரை: மாதம், வருடம், நெக்கின் அகலத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து. இது நெக் செய்த தேதி மட்டுமே. கிட்டார் முழுமையானது சில வாரமோ சில மாதமோ கழித்து இருக்கலாம்.

மூன்றாவது, பாட். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் இருக்கும் இந்தச் சிறு உலோக வட்டின் முதுகில் ஓர் எண் வரிசை அழுத்தப்பட்டிருக்கும். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் நிறுவனம், 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து வருவது வருடம், கடைசி இரண்டு இலக்கம் வாரம். 1376633 என்றால் சிடிஎஸ் 1966-ன் 33-வது வாரத்தில் செய்த பாட். இதிலும் கவனம் தேவை. பெண்டர் 1966-ல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்து 1969 வரை பயன்படுத்தியது. ஆகவே, கிட்டார் இந்தத் தேதிக்கு முந்தையது அல்ல என்று மட்டுமே பாட் சாட்சி சொல்லும். ஈயப் பற்று பழையதாக, மங்கலாக இருக்கிறதா, பளபளவென்று புதிதாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பற்று புதிதென்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

மூன்று தேதிகளும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வந்தால் நம்பலாம். நெக் 1964, பாட் 1972, தகடு 1962 என்றால், அது மூன்று கிட்டார்களைச் சேர்த்துச் செய்த ஒரு கிட்டார்.

இனி பெயர். 1960-களின் பிற்பகுதி வரை பெண்டர் தன் பெயரை வார்னிஷுக்கு மேலேதான் ஒட்டியது. விரல் நுனியால் தடவினால் லேபிளின் விளிம்பு தட்டுப்பட வேண்டும். 1962 என்று சொல்லப்படும் கிட்டாரில் பெயர், கண்ணாடிக்குள் இருப்பதுபோல் வார்னிஷுக்கு அடியில் மழமழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். சிவகாசி அச்சுக்காரரின் விரலுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

மேல்பூச்சைச் சோதிக்கவும் நம் ஊர்க் கடைகளில் ஒரு கருவி உண்டு: கல்லாப்பெட்டியில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு. இருட்டறையில் அதை அடித்தால் பழைய நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் மஞ்சளும் பச்சையும் கலந்து ஒளிரும். பிறகு ஒட்டுப்போட்ட இடம் மட்டும் திட்டாக வேறு நிறத்தில் நிற்கும்.

நைட்ரோசெல்லுலோஸ் என்ற பெயர் பட்டாசு வட்டாரத்துக்காரரை நிமிரவைக்கும். புகையில்லா வெடிமருந்தின் தாய்ப்பொருளும் இதுதான். கிட்டாரின் முகத்தில் கீறல் விழாமல் காக்கும் பிக்கார்டுத் தகடுகளில், அந்தக் காலத்தவை சிலவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த செல்லுலாய்டில் செய்தவை. வயதாக ஆக அவை சுருங்கும், ஓரம் நெளியும், அமில ஆவி விட்டுப் பக்கத்து இரும்பை அரிக்கும். தீப்பட்டால் சட்டென்று பற்றும். ஆகவே தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள். சால்ட்ரிங் செய்யும்போது பிக்கார்டைக் கழற்றித் தூரமாக வையுங்கள். மருந்தோடு பிழைக்கும் மக்களுக்கு இந்த எச்சரிக்கையை இரண்டாவது முறை சொல்லத் தேவையில்லை.

மரத்தில் நம் மண்ணின் கதையும் இருக்கிறது. 1959 முதல் பெண்டர் நெக்கின் மேல்பலகையாக ரோஸ்வுட் வந்தது. முதலில் பிரேசில் மரம். 1960-களின் நடுவிலிருந்து இந்திய மரம். நாம் தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் சொல்லும் அதே மேற்குத் தொடர்ச்சி மலை இனம்தான். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. எனவே அந்த மரம் உள்ள கிட்டாரை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க உரிய அனுமதிப் பத்திரம் வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் நின்றுவிடும். இந்திய ரோஸ்வுட்டுக்கு 2017-ல் வந்த கட்டுப்பாடு, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-ல் தளர்ந்தது.

சிவகாசியில் தீப்பெட்டியும் அச்சும் பட்டாசும் வேர்பிடிக்கக் காரணமான அதே வறண்ட காற்று மரத்தைச் சும்மா விடாது. பலகை சுருங்க, அதில் பதித்த பிரெட் கம்பிகளின் முனைகள் வெளியே துருத்திக் கையைக் கீறும். வாங்கும்போது நெக்கின் ஓரமாகக் கையை ஓட்டிப் பாருங்கள். துப்பாக்கியால் குறிபார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் நோக்குங்கள். லேசான வளைவை, நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் கம்பியால் சரிசெய்யலாம். முறுக்கு இருந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். டிரஸ் ராட் நட்டு தேய்ந்து வழுக்கினாலும் அதே முடிவுதான்.

விலை எப்படி நிற்கிறது? பிறந்த கோலத்தில் இருக்கும் கிட்டாருக்குத்தான் முழு விலை. பெயின்ட் உரிந்து கீறல் விழுந்திருந்தால் பரவாயில்லை. அழகாக்குகிறேன் என்று முழுதும் புதுப் பெயின்ட் அடித்தால் விலை ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. பிக்கப் மாற்றினால் குறையும். கழற்றிய பழைய பாகங்களைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தால் ஓரளவு மீளும். பிரெட் மாற்றுவது செருப்புக்கு அடி போடுவதுபோல, பெரிய குறையல்ல.

நம் வட்டாரத்தில் பிரீ சிபிஎஸ் பெண்டர் கிடைப்பது அரிதிலும் அரிது. கைக்கு எட்டுபவை மூன்று வகை: கொல்கத்தாவின் கிவ்சன் கிட்டார்கள், எழுபது எண்பதுகளின் ஜப்பான் கிட்டார்கள், வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்தவை. ஜப்பான் சரக்கை இளக்காரமாக நினைக்காதீர்கள். 1975 முதல் 1986 வரையிலான இபானெஸ் கிட்டார்களின் எண்ணைப் படிப்பது எளிது: முதல் எழுத்து மாதம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். 'எஃப் 78' என்று தொடங்கினால் 1978 ஜூன். 1982-ல் தொடங்கிய ஜப்பான் பெண்டரின் 'ஜேவி' எண் வரிசையை இன்று உலகமே தேடுகிறது.

எல்லாப் பாகங்களையும்விட ஒரு கிட்டாரின் மதிப்பை உயர்த்துவது அதன் கதை. பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுண்டுக்கு வாங்கிய ஹாப்னர் பேஸ் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடுபோனது. 2023-ல் தேடலுக்குப் பொதுமக்களின் உதவி கேட்டார்கள். தெற்கு இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பரணில் கிடந்த கருவி மெக்கார்ட்னியிடம் திரும்பியது. 2024 டிசம்பரில் அவர் அதை லண்டன் மேடையில் மீண்டும் வாசித்தார். மனிதர்களின் நினைவுகள்தான் அந்தத் தேடலுக்கு வழிகாட்டின.

நம் ஊர் மெல்லிசைக் கலைஞர்களின் குடும்பங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பரணில் இருக்கும் பேஸைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ உட்கார்ந்து கேளுங்கள். எந்த வருடம், யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினார்? எந்தத் திருவிழாக்களில் வாசித்தார்? அண்ணா சாலை மியூசி மியூசிகல் போன்ற கடையின் பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். மேடையில் அந்தக் கிட்டாரோடு எடுத்த படம் ஒன்று இருந்தாலும் போதும். அதன் பின்பக்கத்தில் ஊரையும் வருடத்தையும் எழுதி கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அந்தத் தேதி வேறு எங்கும் பொறிக்கப்பட்டிருக்காது.