புதிய மொடெமும் பழைய ரௌட்டரும்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைபேசித் திரைக்கு மாறின. அதன் பின்னர் இடம்பெயர்ந்து திரும்பிய எமது குடும்பங்கள் பலவும், பிள்ளைகளின் படிப்பை எண்ணி, சிரமத்தின் மத்தியிலும் இணைய இணைப்பைப் பெற்றுள்ளன. ஆயினும் புதிய மொடெம் வந்ததும் பழைய ரௌட்டரை என்ன செய்வதென்று தெரியாது அலமாரியில் போட்டுவிடுவோரும், தேவையின்றிப் புதியதொன்றை வாங்குவோரும் உளர். சிறிது விளக்கம் இருந்தால் இச்செலவைத் தவிர்க்கலாம்.

இரண்டும் என்ன செய்கின்றன?

மொடெம் என்பது குளத்தின் துருசு போன்றது. தொலைபேசிக் கம்பி, ஒளியிழை அல்லது சிம் அட்டை வழியாக வெளியிலிருந்து வரும் இணைப்பை அது வீட்டுக்குள் விடுகிறது. ரௌட்டர் வட்டவிதானை போன்றது. வந்ததை வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் பங்கிடுகிறது. இன்று நிறுவனங்கள் வழங்கும் பெட்டிகள் பெரும்பாலும் இரு வேலைகளையும் தாமே செய்கின்றன. பெட்டியின் பின்புறத்தில் கேபிள் செருகும் துளைகள் பல இருந்து, வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் அதன் அடியில் ஒட்டப்பட்டிருந்தால், அது அவ்வகையினதே.

ஒரு வயற்கண்டத்துக்கு இரண்டு விதானைமார் தண்ணீர் பங்கிட்டால் என்ன நடக்கும்? பழைய ரௌட்டரையும் அப்படியே செருகும்போது அதே குழப்பம்தான். இணைப்பு வரும், போகும். குற்றம் நிறுவனத்தின் மீது சுமத்தப்படும்.

இணைக்கும் முறை

மொடெம் மட்டுமே உள்ள பெட்டி எனில், அதிலிருந்து வரும் கேபிளை ரௌட்டரின் ‘வான்’ துளையில் செருகுங்கள். அது பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். இரண்டையும் நிறுத்திச் சில நிமிடங்களின் பின் முதலில் மொடெமைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்த பின்னரே ரௌட்டரைப் போடுங்கள். சில இணைப்புகளுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவை. இணைப்புப் பெறும்போதே கேட்டு எழுதி வைப்பது நன்று.

மொடெமே ரௌட்டராகவும் இருந்தால், பழையதை வைஃபையைத் தூர அறைக்கு எட்டச்செய்யப் பயன்படுத்தலாம். முதலில் அதன் சிறு துளையில் ஊசியால் பத்து விநாடி அளவு அழுத்துங்கள். பழைய வீட்டின் அமைப்புகள் அழிந்துவிடும். பின்னர் கணினியைக் கேபிளால் அதனுடன் மட்டும் இணைத்து, அடியில் உள்ள முகவரியைத் திறந்து, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் இடுங்கள். மொடெமின் முகவரி 192.168.1.1 எனில், பழையதற்கு 192.168.1.250 போன்று, மொடெம் பங்கிடாத ஓர் எண்ணைக் கொடுங்கள். இறுதியாக டீ.எச்.சீ.பீ. என்பதை நிறுத்திவிடுங்கள், முகவரி பங்கிடும் வேலை அதுவே. இனி மொடெமின் ‘லான்’ துளையிலிருந்து ரௌட்டரின் ‘லான்’ துளைக்குக் கேபிளைப் போடுங்கள். ‘வான்’ துளை வெறுமையாகவே இருக்கட்டும். கேபிள் 100 மீற்றர் வரை செல்லலாம்.

கவனிக்க வேண்டியவை

பெட்டியை வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். தகரமும் இரும்பு அலமாரியும் வைஃபையைத் தடுக்கும். ‘அட்மின்’ என்னும் ஆரம்பக் கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். அதை அறிந்த எவரும் உங்கள் வைஃபையில் இணைந்துவிட்டால், பெட்டியின் அமைப்புகளை மாற்றிவிடலாம். வைஃபைப் பாதுகாப்பை டபிள்யூ.பீ.ஏ.2 அல்லது 3 என அமையுங்கள். இடி மின்னல் வரும் அறிகுறி கண்டதும் மின்செருகியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். ஆளியை நிறுத்தினால் மட்டும் போதாது. மின்னல் தலைக்கு மேல் வந்துவிட்டால் கம்பிகளைத் தொடவே வேண்டாம்.

இவற்றைச் செய்யப் பெரிய படிப்புத் தேவையில்லை. ஒவ்வொரு குறிச்சியிலும் இரண்டு இளைஞர்களாவது செய்து பழகினால், அயலவர் எவரும் இதற்காகக் கூலி கொடுக்க வேண்டியிராது. நீர்ப் பங்கீட்டைத் தாமே ஒழுங்கு செய்யத் தெரிந்த எமது விவசாயிகளுக்கு இதுவும் கைவராத வேலையல்ல.