அந்தக் கையைத் தொடவே கூடாதா?

பயத்தினால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 2019-ல் வலது மார்பில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் நடந்தது. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து விட்டார்கள். "நெறி கட்டியிருக்கு" என்று நாம் சொல்வோமே, அந்த முடிச்சுகள்தான். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ், "இனிமே இந்தக் கையில ஊசி போடக் கூடாது, பி.பி. பார்க்கக் கூடாது, காயம் படாம பார்த்துக்குங்க, கை வீங்கிடும்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கைக்கு நான்தான் காவல்காரி. அம்மாவை அரிவாள்மனைப் பக்கம்கூட விட மாட்டேன்.

2022 கடைசியில் அதே கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மரத்துப் போக ஆரம்பித்தன. பாதி ராத்திரியில் எழுந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காபி டம்ளர் நழுவும். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது. நரம்பில் லேசாகக் கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்ட் எடுத்து, 'கார்பல் டனல்' என்றார்கள். மணிக்கட்டில் நரம்பு போகும் வழி குறுகி, நரம்பு நசுங்குகிறதாம். ராத்திரியில் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டும் பலனில்லை. "சின்ன ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர்.

நான் ஒரேயடியாக மறுத்து விட்டேன். "ஊசியே குத்தக் கூடாதுன்னாங்க, கத்தி வைக்கலாமா?" என்று கேட்டேன். என் கணவரும் சித்தியும் அதையே சொன்னார்கள். அம்மாவும், "எதுக்குடி வம்பு, இருக்கிற வரைக்கும் இப்படியே ஓட்டிடறேன்" என்று சொல்லி விட்டார்.

ஏழு மாதம் ஓடியது. ஒரு நாள் தோசை வார்க்கும்போது கல்லில் விரல் பட்டிருக்கிறது. மரத்த விரல் ஆனதால் அம்மாவுக்குத் தெரியவே இல்லை. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் முழங்கை வரை சிவந்து, கை அனலாகக் கொதித்து, குளிர் ஜுரம் வந்து விட்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். ஜுரம் போயிற்று, ஆனால் கையில் வீக்கம் தங்கி விட்டது. கத்தி படாமல் நான் காத்த கையைத் தோசைக்கல் சுட்டு விட்டது.

அப்போதுதான் கை ஆபரேஷன் செய்யும் டாக்டரம்மா என்னை உட்கார வைத்து விளக்கினார். "நீங்க பயந்தது தப்பில்லம்மா. தேவையில்லாத காயம் வேண்டாம்கிறது சரிதான். அதுக்காகத் தேவையான ஆபரேஷனைத் தள்ளிப் போடக் கூடாது. இந்த மாதிரி கையில ஆபரேஷன் செஞ்சு கவனிச்சுப் பார்த்ததுல, பெரும்பாலானவங்களுக்கு வீக்கம் வரலை. முன்னாடியே வீக்கம் இருந்த சிலருக்குக் கொஞ்சம் கூடி அப்புறம் தணிஞ்சிருக்கு" என்றார். 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 600-க்கு மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்ததில், ஊசி போட்டதாலோ பி.பி. பார்த்ததாலோ வீக்கம் வருவதாகத் தெரியவில்லையாம். தோலில் கிருமி புகுந்து வரும் ஜுரமும் வீக்கத்துக்கு ஒரு காரணம் என்றார். ஆனாலும் முடிந்த வரை ஊசியை மறு கையில் போட்டுக்கொள்வதே நல்லது என்றும் சொன்னார்.

புண் முழுக்க ஆறி, இறுக்க உறையும் பிசியோதெரபியுமாக வீக்கம் குறைந்த பிறகு, 2023 டிசம்பரில் ஆபரேஷன் நடந்தது. உள்ளங்கையில் மட்டும் மரத்துப் போக ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடித்து விட்டார்கள். ரத்தத்தை நிறுத்தக் கையில் கட்டும் பட்டையைக்கூட, தேவையான நேரம் மட்டுமே கட்டுவோம் என்று முன்பே சொல்லி விட்டார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தோம். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். இரண்டு வாரம் வீக்கம் லேசாகக் கூடி, பிறகு தணிந்தது. முதல் வாரத்திலேயே அம்மா ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். விரல் நுனிகளில் உணர்வு திரும்ப நாலைந்து மாதம் ஆயிற்று. உறையை இன்றும் போட்டுக்கொள்கிறார். அது மட்டும் என்னால் வந்தது என்று எனக்கு உறுத்தல்தான்.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி இருந்தால்:

* ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம், அக்குள் முடிச்சு எடுத்த விஷயத்தை முதலிலேயே சொல்லுங்கள். கையில் வீக்கம் உண்டா, ரேடியேஷன் கொடுத்தார்களா என்பதையும் சொல்லுங்கள். புற்றுநோய் டாக்டரையும் கலந்துகொள்ளுங்கள்.

* புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தரும் சில ஹார்மோன் மாத்திரைகளாலும் விரல் மரத்துப் போகலாம். அதற்காக மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

* ஆபரேஷனுக்குப் பின் கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். டாக்டர் சொன்னபடி விரல்களை மடக்கி நீட்டச் செய்யுங்கள்.

* சிவப்பு, சூடு, ஜுரம் தெரிந்தால் அன்றைக்கே ஓடுங்கள். மஞ்சள் பற்றுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

* மரத்த விரலோடு அடுப்படியில் நிற்க விடாதீர்கள்.

போன மார்கழியில் அம்மா வாசலில் புள்ளிக் கோலம் போட்டார். "விரலுக்குள்ள மாவு இருக்கிறது தெரியுதுடி" என்றார். அவர் பார்க்காமல் உள்ளே வந்து அழுதேன்.

- ஒரு வாசகி, மயிலாடுதுறை