பழைய ரம்பமும் பார்க்கும் கண்ணும்

நம் நாட்டு மாட்டுச் சந்தையில் உழவர் ஒருவர் எருது வாங்கும் காட்சியை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். விற்பவர் மாட்டின் குணத்தை ஓயாமல் புகழ்வார். தரகர் இடையிடையே ஒத்து ஊதுவார். வாங்க வந்தவரோ இவற்றைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். நுகத்தடி பட்ட கழுத்தைத் தடவிப் பார்ப்பார். அதன் பிறகே துண்டின் மறைவில் விரல் பிடித்து விலை பேசத் தொடங்குவார். விற்பவரின் வாய் சொல்லும் வயதைவிட மாட்டின் பல் சொல்லும் வயதே மெய்யானது என்பது அவர் கண்ட அனுபவம்.

இயந்திரத்துக்கும் இந்த அனுபவம் பொருந்தும். அதற்குச் சான்றாக, அமெரிக்க நாட்டின் வடகிழக்கு மூலையில் உள்ள வெர்மாண்ட், மேய்ன் முதலிய மாநிலங்களின் சிற்றூர்களில் கைமாறும் ஒரு பொருளைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். அது விறகு அறுக்கும் பெரிய சங்கிலி ரம்பம்.

அப்பகுதியில் குளிர்கால இரவுகளில் வெப்பம் உறைநிலைக்கு 20 பாகை கீழே இறங்குவதுண்டு. இன்றும் பல குடும்பங்கள் விறகு அடுப்பு மூட்டித்தான் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்கின்றன. அங்கே விறகை எடையால் அளப்பதில்லை. நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளமாக அடுக்கிய 128 கன அடி கொண்ட அடுக்கை ஒரு ‘கார்டு’ என்பர். விறகையே முழுதும் நம்பும் வீட்டுக்கு ஒரு குளிர்காலத்தைக் கழிக்க நான்கைந்து கார்டு வேண்டியிருக்கும். அறுத்துப் பிளந்த மேப்பிள், ஓக் கட்டைகள் நன்றாக எரிய வேண்டுமானால், அவற்றின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழே வற்ற வேண்டும். அதற்குக் குறைந்தது ஒரு கோடைகாலமாவது பிடிக்கும். ஆகவே, இந்த ஆண்டு ரம்பம் பழுதுபட்டுப் படுத்துவிட்டால், வரும் குளிருக்கு உலர்ந்த விறகு இராது.

தொழில் செய்வோர் கையாளும் பெரிய ரம்பம் ஒன்று புதிதாக வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். எளிய குடும்பத்தார் பழையதைத் தேடிச் செல்வதற்குக் காரணம் இதுவே. எல்லோருக்கும் பெரிய ரம்பம் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. ஒரு சாண், ஒன்றரைச் சாண் பருமனுள்ள கட்டைகளை அறுக்க 50 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினே போதும். இரண்டடி, மூன்றடி குறுக்களவுள்ள அடிமரங்களைத் துண்டாக்க வேண்டியவருக்குத்தான் 70 அல்லது 90 கன சென்டிமீட்டர் எஞ்சின் தேவை. பெரிய ரம்பம் கனமானது. நாள் முழுதும் தூக்கிச் சோர்ந்த கைகள் தடுமாறும். தடுமாற்றமே விபத்தின் வாயில்.

சங்கிலி ரம்பத்தின் வரலாறு நெடியதன்று. ஜெர்மானியப் பொறியியலாளர் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பம் ஒன்றை ஆக்கினார். அக்காலத்து ரம்பங்கள் இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்க வேண்டிய சுமைகள். 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, அடிக்கட்டை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவை உற்றுப் பார்த்தார். அதன் வளைந்த தாடைகள் இடமும் வலமுமாக மரத்தைச் சீவி எடுப்பதைக் கண்டு, அவ்வாறே வளைந்த பற்களையுடைய சங்கிலியைச் செய்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் புழுவின் வழிவந்தவையே.

இனி, பழைய ரம்பம் ஒன்று நம் முன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அன்று. ஆளைக் காக்கும் உறுப்புகளை. ஓடும் சங்கிலி நொடிக்கு 20 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கிறது. சங்கிலியைத் தாங்கும் நீண்ட உலோகப் பட்டையின் நுனியில், மேற்புறக் கால்வட்டம் ஏதேனும் ஒரு கட்டையில் பட்டுவிட்டால், பற்கள் அளவுக்கு மீறிக் கடித்துத் திணறி நிற்கும். சங்கிலியை ஓட்டிய விசை முழுதும் அக்கணத்தில் பட்டையைப் பின்னோக்கி, ஆளின் முகத்தையும் தோளையும் நோக்கித் தூக்கி எறியும். இதனைப் பின்னுதைப்பு என்பர். மனிதன் கண்ணிமைப்பதற்குள் இது நடந்து முடிந்துவிடும்.

இதற்காகவே முன்கைப்பிடிக்கு எதிரே பிரேக்குடன் இணைந்த தடுப்பு ஒன்று உண்டு. பின்னுதைப்பின்போது மணிக்கட்டு அதில் மோதினாலும், தடுப்பு தன் கனத்தாலேயே முன்னே சாய்ந்தாலும், பிரேக் சங்கிலியைப் பிடித்து நிறுத்திவிடும். இத்தகைய பிரேக் பரவலானது 1970-களுக்குப் பிறகே. எஞ்சினின் அதிர்வைக் கைக்கு எட்டாமல் தடுக்கும் ரப்பர்த் தாங்கிகள் 1960-களில் வந்தன. அதற்கு முன் ரம்பம் பிடித்தோரின் விரல்கள் நாளடைவில் குருதியோட்டம் குன்றி, குளிரில் வெளுத்து உணர்ச்சியற்றுப் போயின. ஆகவே, பிரேக் இல்லாத பழங்கால ரம்பம் எத்துணை வலிமையுடையதாயினும், எத்துணை மலிவாயினும், அது காட்சிசாலைக்கு உரியது; காட்டுக்கு உரியதன்று. தடுப்பு உடைந்ததும், அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி இல்லாததும், ரப்பர்த் தாங்கி கிழிந்ததுமான ரம்பத்தைச் செம்மை செய்யாமல் கையில் எடுத்தல் ஆகாது.

அடுத்தது புற ஆராய்ச்சி. திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா? எஞ்சின் கூட்டில் விரிசல் உண்டா? காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் உடையவரின் இயல்பு தெரிந்துவிடும். தூய வடிகட்டி கவனமுள்ள கையைக் காட்டும். கிழிந்த வடிகட்டி, மரத்தூள் எஞ்சினுக்குள் சென்றதைக் காட்டும். பட்டையும் சங்கிலியும் தேய்ந்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவை தேய்வதற்கென்றே அமைந்தவை. சிறு செலவில் மாற்றலாம். எஞ்சினின் உட்புறம் அப்படியன்று.

இங்கேதான் நாம் மாட்டின் பல்லுக்கு வருகிறோம். சங்கிலி ரம்பத்தின் பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. அதில் எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி இல்லை. பெட்ரோலில் கலந்துள்ள எண்ணெயே உள்ளே சென்று உறுப்புகளை வழவழப்பாக வைக்கிறது. இன்றைய ரம்பங்கள் பலவற்றுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்பது கணக்கு. எண்ணெய் கலக்க மறந்து வெறும் பெட்ரோலை ஊற்றினால், பிஸ்டனும் சிலிண்டரும் வறண்டு உராய்ந்து சில நிமிடங்களிலேயே கீறல் விழுந்துவிடும். எங்கேனும் ஓர் ஆயில் சீல் தேய்ந்து வேண்டாத காற்று உட்புகுந்தாலும் இதே கதிதான். கலவை மெலிந்து, வெப்பம் மிகுந்து, எண்ணெய் குறைந்து போகும்.

நற்பேறாக, இந்த வரலாறு முழுதும் பிஸ்டனின் மேல் எழுதப்பட்டிருக்கிறது. சைலன்சரை நிறுத்தியுள்ள சில திருகாணிகளைக் கழற்றினால் புகை வெளியேறும் துளை தெரியும். இழுகயிற்றை மெல்ல இழுத்துக்கொண்டே ஒரு கைவிளக்கின் ஒளியில் அத்துளை வழியே பார்த்தால், பிஸ்டனின் பக்கம் கண்ணில் படும். அது வழவழப்பாக, பட்டறையில் கடைந்த மெல்லிய வரிகள் மறையாமல் இருந்தால் எஞ்சின் நலமுடன் உள்ளது எனலாம். மேலிருந்து கீழாக ஆழ்ந்த கீறல்கள் ஓடினால் அது வறட்சியால் வெந்த எஞ்சின். புகைத் துளைப் பக்கம் நன்றாக இருந்து, காற்று நுழையும் பக்கம் மட்டும் மங்கித் தேய்ந்திருந்தால், வடிகட்டியைத் தாண்டி வந்த தூசியே காரணம். விற்பவர், “அதிகம் ஓட்டாத ரம்பம்” என்று சொல்லலாம். பிஸ்டன் தன் கதையைத் தானே சொல்லிவிடும். சைலன்சரைக் கழற்ற விற்பவர் இசையாவிட்டால், அந்த மறுப்பையே விடையாகக் கொள்ளலாம்.

அமுக்கத்தை அளப்பது அடுத்த சோதனை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அவ்விடத்தில் அமுக்கமானியைத் திருகி, முள் ஏறாமல் நிற்கும் வரை கயிற்றை இழுக்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள பெரிய எஞ்சின் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு அளவோ அதற்கு மேலோ காட்டும். 120-க்குக் கீழே இறங்கினால் ஐயுற வேண்டும். எளிதாக இழுப்பதற்கென அமுக்கத்தை வெளியேற்றும் பொத்தான் சில ரம்பங்களில் உண்டு. அது மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் நல்ல எஞ்சினும் கெட்டதாகத் தோன்றும். அளவுகோலைக் கையாள்பவன் அளவுகோலையும் ஐயுற வேண்டும் என்பது அறிவியல் பயில்வோர் மறவாத பாடம்.

இவற்றில் தேறிய பின்னரே எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். இது பழகிய கையினரின் வேலை. காதடைப்பும், கண்காப்பும், கால்காப்பு உடையும் அணிந்து செய்ய வேண்டியது. நாம் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், விற்பவர் முன்னரே ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். சூடான எஞ்சின் எளிதில் உயிர்பெறும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதே குறை வெளிப்படும். அது ஆறும் வரை காத்திருப்பதில் இழப்பொன்றும் இல்லை. கிளம்பிய எஞ்சின் மெல்ல ஓடும்போது சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். விசையை அழுத்தி விட்டவுடன் வேகம் சட்டெனத் தணிய வேண்டும். தணியாமல் உச்சத்திலேயே தயங்கி நின்றால் எங்கோ காற்று புகுகிறது. பட்டையின் நுனியை வெளிறிய கட்டை ஒன்றின் மேல், தொடாமல் நீட்டி ஓட்டினால், சங்கிலி தெறிக்கும் எண்ணெய் அதில் கோடாகப் படிய வேண்டும். படியாவிட்டால் எண்ணெய்ப் பம்பில் குறை. இறுதியாக, ரம்பத்தைத் தரையில் உறுதியாக ஊன்றி, விசையை அழுத்திய நிலையில் மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ள வேண்டும். சங்கிலி அந்தக் கணமே நிற்க வேண்டும். சிறிது ஓடிப் பின் நிற்பது நிற்பது ஆகாது.

விலை பேசும் முன் இன்னும் இரண்டு வினாக்கள் உண்டு. ஒன்று, உதிரிப் பாகம் கிடைக்குமா என்பது. ஒரு காலத்தில் புகழ்பெற்ற மெக்கல்லக், ஹோம்லைட் முதலிய பழைய பெரிய ரம்பங்களுக்குச் சிறு உறுப்பு ஒன்று வேண்டினாலும் தேடி அலைய நேர்கிறது. மற்றொன்று, பொருள் நேர்வழியில் வந்ததா என்பது. ரம்பத்தின் மேல் பொறித்துள்ள வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவாயினும் திரும்பிவிடுவதே நலம். களவுபோன ரம்பத்தின் சொந்தக்காரரும் குளிரில் நடுங்கும் ஒரு வீட்டுக்காரராகவே இருக்கக்கூடும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் பெரும்பாலோர் சங்கிலி ரம்பம் வாங்கப் போவதில்லை. ஆயினும் பழைய சைக்கிளையோ, பம்பு செட்டையோ, மோட்டார் சைக்கிளையோ வாங்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்று விற்பவரைப் பொய்யர் என்று கருத வேண்டியதில்லை; அவருக்கே தம் பொருளின் நோய் தெரியாமலிருக்கலாம். பொருளிடமே கேளுங்கள். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு ஓசைக்கும் ஒரு மூலம் உண்டு. முதலில் உயிரைக் காப்பது எது என்று பாருங்கள். பிறகு மாற்ற எளியது எது, மாற்ற அரியது எது என்று பிரித்துப் பாருங்கள். விலையைக் கடைசியில் கேளுங்கள். குறை கண்டால் வெறுங்கையோடு திரும்ப நாணாதீர்கள். சந்தையிலிருந்து மாடு வாங்காமல் திரும்பிய உழவரை ஊரார் நகைப்பதில்லை. பல்லைப் பாராமல் கிழட்டு மாட்டை ஓட்டி வந்தவரைத்தான் நகைப்பார்கள்.