எலும்பில் வைக்கும் பொருள் எதிலிருந்து வருகிறது?

சென்ற மாதம் ஜுமுஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு தகப்பனார் நம்மைத் தனியே அழைத்தார். பைக் விபத்தில் மகனுக்குக் கால் எலும்பு நொறுங்கிவிட்டது. இடைவெளியை நிரப்ப ஏதோ வைக்க வேண்டும் என்கிறாராம் டாக்டர். "அது மாட்டிலிருந்து எடுத்ததா, பன்றியிலிருந்தா ஹஜ்ரத்?" பதில் தெரியாமல் ஆபரேஷனையே தள்ளிப் போட்டிருந்தார்கள்.

எலும்பு வெறும் சுண்ணாம்பு அல்ல. கொலாஜன் என்ற புரத இழைகள் கட்டடக் கம்பி போல உள்ளே ஓட, அவற்றின்மேல் கால்சியம் பாஸ்பேட் உப்பு படிந்து இறுகியிருக்கிறது. கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்பதை 1955-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விளக்கினார்கள்.

சிறு முறிவு தானே கூடிவிடும். பெரிய இடைவெளியை உடல் தாண்டாது. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிக்குப் பந்தல் போடுகிறோமே, அதுபோல எலும்பு செல்கள் ஏறிப் படர ஒரு பந்தல் தேவை. கொலாஜன் ஸ்பாஞ்ச் அந்தப் பந்தல்தான். புது எலும்பு வளர வளர, அது கரைந்துவிடும்.

இந்தக் கொலாஜன் பெரும்பாலும் மாட்டின் தோல், தசைநாண், பன்றித் தோல் ஆகியவற்றிலிருந்து வருகிறது. மீன் தோலிலிருந்தும் எடுக்கிறார்கள். நம் தேனி மாவட்டத்தில் வளர்க்கும் பட்டுப்புழுவின் கூட்டிலும் ஃபைப்ரோயின் என்ற புரதம் உண்டு. மேலுள்ள பசையைக் கொதிக்க வைத்து நீக்கி, அதைக் கரைத்து ஸ்பாஞ்சாக்குகிறார்கள். எலும்புக்கு இது இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவில்தான். ஆண்களுக்குப் பட்டு ஹராமாயிற்றே என்று தயங்க வேண்டாம். அந்தத் தடை உடைக்குரியது. அதிலும்கூட, சொறி கண்ட ஸுபைர் (ரலி), அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) இருவருக்கும் பட்டு அணிய நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உள்ளது.

மாட்டு எலும்பு, ஈரமும் கொழுப்பும் நீங்கியதென்றால், ஹனஃபி சட்டத்தில் அறுக்கப்படாத மாட்டினுடையதானாலும் சுத்தமானதே. தோலிலிருந்து எடுத்ததில் உலமாக்களிடையே பேச்சு உண்டு. பன்றியுடையது கூடாது, வேறு வழி இருக்கும்போது அதை ஏற்கக் கூடாது. வழியே இல்லையென்றால்? எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இமாம் நவவி (ரஹ்) மின்ஹாஜில் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள்: சுத்தமானது கிடைக்காமல் அசுத்தமானதால் எலும்பை இணைத்தவர் மன்னிக்கப்படுபவர்.

ஆகவே ஆபரேஷனை நிறுத்த வேண்டியதில்லை. முன்னதாகக் கேட்டால் போதும். "இது எந்தப் பிராணியிலிருந்து? மாற்று உண்டா? இடுப்பெலும்பிலிருந்தே எடுக்க முடியுமா?" கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. நோயாளியின் சொந்த எலும்புதான் டாக்டர்கள் நெடுங்காலமாக முதலில் நாடுவது. கூடுதலாக ஒரு காயம் ஆகும், அளவும் குறைவு. ஹலால் சந்தேகம் மட்டும் இல்லை.

அந்தத் தகப்பனார் மறுநாளே போய்க் கேட்டார். இடுப்பெலும்பே போதும் என்றாராம் டாக்டர்.