வாள்வீச்சு வீராங்கனை சி. ஏ. பவானி தேவி

சேதுபதி குலத்தில் பிறந்து வாள் பயின்றவர் வேலு நாச்சியார். அவரைப் போற்றும் இம்மண்ணின் இளம்பெண்கள் பவானி தேவியையும் அறிய வேண்டும்.

சென்னையில் பிறந்த இவர், 2004-இல் பள்ளியில் வாள்வீச்சைத் தொடங்கினார். வாள் படுவதைப் பதிவுசெய்யும் மின்வாளின் விலை அதிகம்; அது போட்டிக்கு மட்டும். அன்றாடப் பயிற்சி மூங்கில் குச்சியில்தான். இவரது பிரிவு சேபர்: எதிராளியின் இடுப்புக்கு மேல் வெட்டினாலும் குத்தினாலும் புள்ளி.

2021 டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சில் களமிறங்கிய முதல் இந்தியர். முதல் ஆட்டத்தை 15-3 என வென்றார். 2023-இல் சீனாவில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் காலிறுதியில், அன்றைய உலகச் சாம்பியன் மிசாகி எமுராவை 15-10 என வீழ்த்தி, வெண்கலம் பெற்றார். அவரது ஆட்டங்களில் இதுவே உச்சம்.

2022-இல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் வீரர்கள் ஆணையத்துக்குத் தேர்வானார். வீரர்களின் தேவைகளை நிர்வாகத்திடம் எடுத்துரைப்பது அந்த ஆணையத்தின் பணி.