80 கிராம் வெண்ணெய், 1 கிலோ கிளிமூக்கு

மாத்தூர் எம்எம்டிஏ பக்கம் தள்ளுவண்டியில் கிளிமூக்கு மாம்பழம் கிலோ 40 ரூபாய்க்குக் கிடைத்தது. பங்கனப்பள்ளி அதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் பழத்தின் மேல் வெண்ணெய் மாவைத் தூவி வேகவைக்கும் கிரம்பிளுக்குக் கிளிமூக்குதான் சரி. பாதி பழுத்த நிலையில் புளிப்பு இருக்கும், சூட்டில் குழைந்தும் போகாது.

தோலும் கொட்டையும் போக 1 கிலோவில் கையில் நிற்பது 650 கிராம். அதில் ஏறக்குறைய 540 கிராம் தண்ணீர்தான். அதைக் கெட்டிப்படுத்த 10 கிராம் சோளமாவு, கூடவே 40 கிராம் நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். மேலே தூவ மைதா 160, வெண்ணெய் 80, சர்க்கரை 80 கிராம். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்பதே கணக்கு. மொத்தம் 1,020 கிராம், 6 பேருக்குத் தாராளம்.

பழம் 40 ரூபாய். மைதா கிலோ 60 வீதம் 9.60. சர்க்கரை 120 கிராம், கிலோ 80 வீதம், அதுவும் 9.60. வெண்ணெய் கிலோ 600 வீதம் 48. சில்லறைச் சாமான் 5. ஓடிஜி மின் அடுப்பு 1,500 வாட். சூடேற 10 நிமிடம், 180 டிகிரியில் வேக 40 நிமிடம். இடைவிடாமல் இழுத்தாலும் ஒன்றேகால் யூனிட், 5 ரூபாய் வீதம் 6.25. ஆக 118.45, ஆளுக்கு 20 ரூபாய்கூட இல்லை.

வெண்ணெய் எடையில் 100-க்கு 8, செலவில் 100-க்கு 40. கை வைக்கத் தோன்றும் இடம் அதுதான். பாதியாக்கினால் ஆளுக்கு 4 ரூபாய் மிச்சம். தட்டில் கிடைப்பதோ வறட்டு மாவு. கொழுப்பு சூழ்ந்தால்தான் மைதா இழுபடாமல் பொலபொலவென்று உதிரும். கிரம்பிள் பரவிய பிரிட்டனில் 1940 முதல் 1954 வரை உணவு ரேஷன். போர்க்காலத்தில் வெண்ணெய் பெரும்பாலும் ஆளுக்கு வாரம் 57 கிராம். நம் 80 கிராம் அங்கே ஒருவரின் 10 நாள் பங்கு. அடியிலும் மாவு கேட்கும் ‘பை’ பலகாரம் கட்டுப்படியாகாமல், மேலே மட்டும் தூவும் கிரம்பிள் அந்த நாட்களில்தான் வீடுவீடாகப் பரவியது. அவர்களுக்கு வெண்ணெய்க்குப் பதிலான மார்ஜரின் கைகொடுத்தது. நமக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய்க்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அளவைக் குறைக்காதீர்கள்.

வெண்ணெய் உருகுவது 32 முதல் 35 டிகிரிக்குள். ஜூன் மாத அடுப்படி அதைத் தாண்டி நிற்கும். அதனால் ஃப்ரீசரில் கல்லாக வைத்து, கேரட் துருவியில் நேராக மைதா மேலேயே துருவிக்கொள்ளுங்கள். விரல் நுனியால் பிசறினால் போதும், உள்ளங்கைச் சூடு படக்கூடாது. புட்டு மாவு போலப் பிடித்தால் பிடிபட்டு, உதிர்த்தால் உதிரும்போது நிறுத்திவிட வேண்டும்.

இந்தக் கணக்கில் வராத பெரிய செலவு ஓடிஜி. 6,000 ரூபாய் அடுப்பை மாதம் இருமுறை வீதம் 5 ஆண்டு பயன்படுத்தினால் 120 தடவை. தடவைக்கு 50 ரூபாய், வெண்ணெயை விட அதிகம். ஆளுக்கு 28 ரூபாய் ஆகிவிடுகிறது. வாரம் ஒருமுறை என்றால் அந்த 50 ரூபாய் 23 ஆகும். அடுப்பே இல்லாத வீட்டில் பழத்தை வாணலியில் 8 நிமிடம் வதக்கி, மாவைத் தோசைக்கல்லில் சிறு தீயில் 12 நிமிடம் பொன்னிறமாக வறுத்து மேலே தூவலாம். எரிவாயு 4 ரூபாய்க்குள் அடங்கும். மொறுமொறுப்பில் ஒரு மாற்றுக் குறைவு; ஆளுக்கு 19 ரூபாய் 37 காசு.